பேர்கண்டி நாட்டு விருந்து

1787ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முற்பகுதியிலே, பிரான்சு தேசத்தின் கிழக்குப் பாகத்திலுள்ள போன் என்னும் சிறு நகரத்துக்கு ஓர் அமெரிக்கர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் தோமஸ் ஜெபர்சன். பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் மூன்றாவது சனாதிபதியாக விளங்கிய அவர், அக்காலத்தில் பாரிசு நகரில் தம் நாட்டின் தூதுவராக இருந்தார். முந்திய ஆண்டிலே வலக்கை மணிக்கட்டிற்பட்ட ஊறு குணமாகாமையால், தென் பிரான்சிலுள்ள எக்ஸ் நகரத்து ஊற்று நீரில் அதனை நனைத்துப் பார்க்கும்படி மருத்துவர் கூறியிருந்தனர். ஆயினும், வழியில் வைன் விளையும் ஊர்களிலே அவர் நின்று நின்று சென்ற முறையை நோக்கும்பொழுது, மணிக்கட்டு ஒரு சாட்டாகவே அமைந்தது என்று எண்ணத் தோன்றும்.

போன் நகரிலே அவருக்குத் துணையாக அமைந்தவர் எத்தியேன் பரான் என்பவர். பீப்பாய் செய்வது அவர் தொழில். அதனோடு வைன் வாணிகமும் உண்டு. பீப்பாய் செய்பவனுக்கு ஊரிலுள்ள நிலவறைகளெல்லாம் தெரியும். எவன் வைனைக் கலப்பின்றி வைத்திருக்கிறான், எவன் கடனுக்கு அஞ்சி விரைந்து விற்கிறான் என்பதும் தெரியும். பின்னர் பல ஆண்டுகள் ஜெபர்சனின் மேசைக்கு வேண்டிய பேர்கண்டி வைனைத் தெரிந்து அனுப்பியவர் இந்தப் பரானே.

அந்தப் பயணத்தில் ஜெபர்சன் ஒரு மட்டக் குதிரையில் ஏறி, குடியானவன் ஒருவனை மற்றொரு குதிரையில் ஏற்றிக்கொண்டு, பெயர்போன தோட்டங்களிடையே திரிந்தார். தோட்டக்காரரின் நிலவறைகளுக்குள் நுழைந்தார். தொழிலாளரின் குடில்களுக்குள்ளும் நுழைந்தார். அவருடைய பயணக் குறிப்பிலே மண்ணின் நிறம், கொடிகளுக்கிடையேயுள்ள தூரம், பீப்பாயின் விலை ஆகிய யாவும் உள்ளன. அவற்றின் நடுவே ஒரு சிறிய செய்தி உண்டு. பொம்மார், வொல்னே என்னும் ஊர்களிலே தொழிலாளர் நல்ல கோதுமைப் பாண் உண்பதை அவர் கண்டார். அடுத்த ஊராகிய மேர்சோவிலே அவர்கள் றை என்னும் மட்டமான தானியத்தாற் செய்த கரிய பாணை உண்டனர். ஊர்களுக்கிடையே உள்ள தூரமோ நடந்து செல்லக்கூடியது. இந்த வேறுபாடு எதனால் என்று அவர் கேட்டார்.

கிடைத்த விடை இது. பொம்மாரும் வொல்னேயும் சிவப்பு வைன் செய்யும் ஊர்கள். மேர்சோவில் விளைவது வெள்ளை வைன். வெள்ளை வைன் சிவப்பைக் காட்டிலும் அடிக்கடி கெட்டுப்போகிறது. விலைபோகாமல் உடையவனின் கையிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே மேர்சோக் கமக்காரனால் தன் கூலியாளுக்கு நல்ல உணவு கொடுக்க இயலவில்லை.

பேர்கண்டியைப் பற்றி எழுதியவர்கள் பலர். அங்குள்ள வைனின் நிறத்தையும் மணத்தையும் வருணித்தவர்களுக்குக் கணக்கில்லை. கிண்ணத்திலுள்ள வைனுக்கும் அதைச் செய்தவன் உண்ணும் பாணுக்கும் உள்ள உறவை அந்த விருந்தாளியைப்போலக் கேட்டறிந்தவர்கள் சிலரே. சில வாரங்களின் பின் லபயெத் பிரபுவுக்கு எழுதிய கடிதத்திலும், மாறு வேடத்தில் உழவர் வீடுகளுக்குச் சென்று பானைக்குள் எட்டிப் பார்க்கும்படியும், அவர்களுடைய பாணை உண்ணும்படியும், களைப்பாறுவதுபோலப் படுத்துப் படுக்கை மெத்தென்றிருக்கிறதா என்று அறியும்படியும் அவர் அறிவுரை கூறினார். இத்தனை கூர்ந்த கண்ணுடையவர் வேர்ஜீனியாவிலிருந்த தம் தோட்டத்திலே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் மறைத்தலாகாது. அந்த அடிமைகளுள் ஒருவரான ஜேம்ஸ் ஹெமிங்ஸ், பிரெஞ்சுச் சமையல் கற்பதற்காகப் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டவர். பிறர் வீட்டுப் பானைக்குள் பார்ப்பது எவர்க்கும் எளிது போலும்.

இனி, அவர் சுற்றித் திரிந்த நிலத்தைச் சற்றே பார்ப்போம். டிஜோன் நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மலைச்சரிவு செல்கின்றது. அதன் முகம் கிழக்கு நோக்கியது; காலை வெயில் நேரே விழும். சிறந்த தோட்டங்கள் சரிவின் இடையிலே உள்ளன. மேலே சென்றால் பாறையும் குளிரும். கீழே இறங்கினால் நீர் தேங்கும் களிமண். இந்த ஒடுங்கிய பட்டியிலே சிவப்பு வைனுக்குப் பினோ நுவார் என்னும் கொடியும், வெள்ளை வைனுக்கு ஷார்டொனே என்னும் கொடியும் வளர்க்கப்படுகின்றன. துணிவுடைய பிலிப் என்று பெயர்பெற்ற பேர்கண்டிக் கோமகன், மிகுதியாகக் காய்க்கும் கமே என்னும் கொடியைப் பிடுங்கியெறியும்படி 1395ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டான். விளைவு பெருகினால் சுவை குன்றும் என்பது அவன் கட்சி. ஆணையினால் உழவரின் வருவாய் குன்றியது வேறு கதை.

கொடி இரண்டேயானாலும் வைனின் பெயர்களோ எண்ணிறந்தன. காரணம், அங்கே வைனுக்குப் பெயர் கொடுப்பது நிலம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எல்லையும் பெயரும் உண்டு. அதனைக் 'கிளிமா' என்பர். 1098இல் நிறுவப்பட்ட சித்தோ மடத்துத் துறவியரும், அவர்களுக்கு முன்னும் பின்னும் உழைத்தவர்களும், எந்த மண்ணின் வைன் எவ்வாறிருக்கிறது என்று நூற்றாண்டுக் கணக்காகச் சுவைத்துப் பார்த்து வகுத்த எல்லைகள் இவை. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தக் கிளிமாக்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது அவற்றின் தொகை 1,247 எனக் கணக்கிடப்பட்டது.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மடங்களின் நிலங்கள் பறிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. பின்னர் 1804இல் நெப்போலியனின் சட்டக்கோவை, தந்தையின் சொத்தைப் பிள்ளைகளெல்லாம் சமமாகப் பங்கிடவேண்டும் என்று விதித்தது. தோட்டங்கள் துண்டுபட்டன. சித்தோத் துறவியர் மதிலெழுப்பிக் காத்த க்ளோ த வூஜோ என்னும் தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டயர் பரப்புடையது. இன்று அதற்கு உடையவர் ஏறக்குறைய எண்பது பேர். மதில் ஒன்று, உள்ளே எண்பது வீட்டுக் கணக்கு. பேர்கண்டியில் ஒருவருக்கு எட்டு ஹெக்டயர் உண்டென்றால், அது ஓரிடத்திலே இராது. நான்கு ஊர்களிலே, இருபது துண்டுகளாக, இங்கே பத்து வரிசை அங்கே பத்து வரிசை என்று சிதறிக் கிடப்பது வழக்கம்.

ஆகையால் அந்நாட்டில் ஒரு நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாகச் செல்வோர் காண்பது பெரும்பாலும் பெரிய மாளிகையன்று. ஊர்த் தெருவிலே ஒரு கல்வீடு. கதவைத் தாண்டினால் முற்றம். முற்றத்தின் மூலையிலே நிலவறைக்கு இறங்கும் படிகள். வந்தவரை முதலில் அங்கேதான் அழைத்துச் செல்வர். கோடையிலும் குளிர்ந்திருக்கும் அந்த அறையில், ஓக் மரப் பீப்பாய்கள் இருபுறமும் அடுக்கப்பட்டிருக்கும். சுவரிலே கரிய பூஞ்சணம் படர்ந்திருக்கும். அதனைத் துடைப்பதில்லை, நிலவறை ஈரப்பதத்தோடு நலமாயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

வீட்டுக்காரர் பீப்பாயின் மேலுள்ள அடைப்பைத் தட்டித் திறந்து, நீண்ட கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, வாய்ப்புறத்தை விரலால் மூடி வைனை எடுப்பார். ஒவ்வொரு கிண்ணத்திலும் இரண்டு மிடறு அளவே ஊற்றுவார். முன்னைய நாளில் இதற்குத் தஸ்தவன் என்னும் ஆழமற்ற வெள்ளிக் கிண்ணம் பயன்பட்டது. அதன் உட்புறத்திலே குழிகளும் புடைப்புகளும் இருக்கும். மெழுகுவர்த்தியின் சிறிய ஒளி அவற்றிற் பட்டுச் சிதறும். இருட்டறையிலே வைன் தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று பார்க்க அது போதும். மின்விளக்கு வந்தபின் அந்தக் கிண்ணம் பெரும்பாலும் கழுத்தில் அணியும் பதக்கமாகிவிட்டது.

சுவைத்துப் பார்க்கும் முறை வேறு, அருந்தும் முறை வேறு. கிண்ணத்தைச் சுழற்றி மணத்தை நுகர்வர், சிறிது வாயிற்கொண்டு, காற்றையும் உறிஞ்சி, நாவெங்கும் பரவவிடுவர், பின்பு துப்பிவிடுவர். நிலவறைத் தரையிலே பரல் பரப்பியிருப்பது இதற்கும் உதவும். மதுவைத் தொடாத நேயர்களுக்கு இது வியப்பாயிருக்கலாம். ஒரு காலைப்பொழுதிலே பதினைந்து பீப்பாய்களைச் சோதிக்க வேண்டியவர் விழுங்கத் தொடங்கினால், ஆறாவது பீப்பாயிலேயே அவருடைய தீர்ப்பு நம்பத்தக்கதாயிராது. வெள்ளை வைனை முன்னும் சிவப்பைப் பின்னும் கொடுப்பதே மற்றை இடங்களின் வழக்கம். பேர்கண்டித் தோட்டக்காரர் பலர் அதனை மாற்றி, சிவப்பை முன்னும் வெள்ளையைப் பின்னும் கொடுப்பர். அவர்களுடைய வெள்ளை வைனிலுள்ள புளிப்பும் வலிமையும் நாவைத் துலக்கிவிடும். அதன்பின் மெல்லிய சிவப்பு வைன் எடுபடாது என்பது அவர்கள் கண்ட உண்மை. கிண்ணத்தில் மீந்த வைனை அவர் வாங்கி மீண்டும் பீப்பாயிலே ஊற்றுவதையும் காணலாம். பீப்பாயில் வெற்றிடம் இருந்தால் காற்றுப் பட்டு வைன் கெடும். ஆதலால் ஒரு மிடறும் வீண்போகாது.

இவ்விடத்தில் வந்தவருக்குரிய பண்பு ஒன்று உண்டு. விலையைக் கேட்டலும், அயல்வீட்டு வைனைப் புகழ்தலும் ஆகாதவை. எந்தத் துண்டு நிலம், கொடிக்கு வயது எத்தனை, அந்த ஆண்டு மழை எப்படி என்று கேட்டால், அதுவரை சுருக்கமாகப் பேசிய வீட்டுக்காரர் நின்ற நிலையிலே ஒரு மணிநேரம் பேசுவார். மேலே சமையலறையிலே உணவு ஆறிக்கொண்டிருக்கும்.

மேசையில் முதலில் வருவது கூஜேர் என்னும் சிறு பண்டம். மாவுடன் முட்டையும் பாற்கட்டியும் சேர்த்துப் போறணையிலே வெதுப்புவர். பொங்கி உப்பி, உள்ளே வெறுமையாக இருக்கும். அதனோடு அலிகோத்தே என்னும் எளிய வெள்ளை வைனில், கஸ்ஸிஸ் எனப்படும் கருநிறச் சிறுபழத்தின் இனிய மதுரசத்தைக் கலந்து கொடுப்பர். இந்தக் கலவைக்குக் கீர் என்று பெயர். 1945 முதல் 1968 வரை டிஜோன் நகர முதல்வராயிருந்த பெலிக்ஸ் கீர் என்னும் குருவானவர், நகர மண்டபத்துக்கு வருவோர்க்கெல்லாம் இதனையே கொடுத்து உபசரித்தமையால், பானத்துக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

பின்னர் வரும் உணவுகளை உற்று நோக்கினால், அவை செல்வரின் சமையலன்று என்பது தெரியும். சிவப்பு வைனிலே வெங்காயமும் பன்றி இறைச்சித் துண்டும் இட்டுக் காய்ச்சிய குழம்பில் மிதக்கும் முட்டை, இறைச்சி வாங்க இயலாத நாளின் உணவு. உழைத்து முதிர்ந்த மாட்டின் கடினமான இறைச்சியையும், கிழச் சேவலையும் மென்மையாக்குவதற்கே அவற்றை மணிக்கணக்காக வைனில் வேகவைத்தனர். மழைக்குப் பின் தோட்டத்தில் ஊரும் நத்தையைப் பொறுக்கி, உள்ளி, பச்சிலை, வெண்ணெய் சேர்த்துச் சமைத்தனர். இன்று அந்த நத்தை பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகின்றது. டிஜோன் கடுகுச் சாந்துக்குரிய கடுகோ பெரும்பகுதி கனடாவில் விளைவது. 2021இல் கனடாவிலே மழை பொய்த்தபோது, 2022இல் பிரான்சின் கடைகளிலே கடுகுச் சாந்துப் போத்தல் கிடைப்பது அரிதாயிற்று. நிலத்தின் பெயரையே வைனுக்கு இடும் நாட்டிலே இவ்வாறு நேர்ந்தது.

பாற்கட்டிகளுள் எப்புவாஸ் என்பது பெயர்பெற்றது. வைனுக்குப் பிழிந்தபின் மிஞ்சும் திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயத்தாலே அதன் தோலைப் பலமுறை கழுவுவர், தோல் செம்மஞ்சளாகும். மணம் அறையை நிறைத்துவிடும். பழகாதவர் எழுந்து போகவும் கூடும். உள்ளே கரண்டியால் எடுக்கத்தக்க குழைவு. இரு பெரும் போர்களின் பின் இதைச் செய்யும் பண்ணைகள் ஏறக்குறைய மறைந்துபோயின. 1956இல் றொபேர், சிமோன் பேர்தோ என்னும் கணவனும் மனைவியும் முதியோரிடம் முறையைக் கேட்டறிந்து மீண்டும் தொடங்கியிராவிட்டால், இன்று அதன் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும்.

போன் நகரிலே வைனுக்கும் வறியோருக்கும் உள்ள தொடர்புக்கு வேறொரு சான்றும் உண்டு. பேர்கண்டிக் கோமகனின் அமைச்சராகிய நிக்கொலா றொலனும் அவர் மனைவி கிகோன் த சலனும் 1443இல் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனையை நிறுவினர். வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரையைக் காண இன்று உலகெங்குமிருந்து வருகின்றனர். அந்தக் கட்டடத்திலே நோயாளர்கள் 1971 வரை பராமரிக்கப்பட்டனர். பல தலைமுறையினர் தங்கள் திராட்சைத் தோட்டங்களை இம்மருத்துவமனைக்கு நன்கொடையாக எழுதிவைத்தனர். இன்று அதற்கு ஏறத்தாழ 60 ஹெக்டயர் தோட்டம் உண்டு. அங்கு விளையும் வைன் 1859ஆம் ஆண்டு தொடக்கம் ஏலத்தில் விற்கப்படுகின்றது. நவம்பர் மாதத்து மூன்றாம் ஞாயிறு அதற்குரிய நாள். பணம் மருத்துவப் பணிக்குச் செல்கின்றது.

ஏலத்துக்கு மறுநாள் மேர்சோவிலே ஒரு விருந்து நடைபெறும். போலே என்பது அதன் பெயர். பழைய நாளிலே, கடைசிக் குலையை வெட்டி முடித்த அன்று, தோட்டக்காரன் தன் கூலியாட்களைத் தன்னோடு ஒரே மேசையில் இருத்திக் கொடுத்த விருந்து அது. காலப்போக்கிலே அவ்வழக்கம் தளர்ந்தது. 1923இல் யூல் லபோன் என்னும் தோட்ட உரிமையாளர், தம் நண்பர் சிலரை அழைத்து அதற்குப் புத்துயிர் அளித்தார். இன்று பல நூற்றுவர் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் தம் வீட்டு நிலவறையிலிருந்து போத்தல் கொண்டுவந்து, மேசையில் முன்பின் அறியாதவருக்கும் ஊற்றுவர். எழுத்தாளர் ஒருவருக்கு நூறு போத்தல் மேர்சோ வைனைப் பரிசளிக்கும் வழக்கமும் 1932 முதல் உண்டு. நல்ல விருந்துதான். ஆயினும் குலை வெட்டிய கைகள் அந்த மேசையிலே மிகச் சிலவே.

இவ்வளவும் நிலைத்திருக்குமா என்ற கவலை இப்போது அந்நாட்டுத் தோட்டக்காரரின் பேச்சிலே அடிக்கடி தலைகாட்டுகின்றது. போன் நகரில் 1354ஆம் ஆண்டு தொடக்கம் அறுவடை எந்த நாளிலே தொடங்கியது என்பதை ஆராய்ச்சியாளர் வரிசையாகத் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். பழங்காலத்து நாள்கள் பல எவ்வாறு தெரியவந்தன? தேவாலயம் தன் தோட்டத்தில் வேலைசெய்த கூலியாட்களுக்குக் கொடுத்த நாட்கூலியின் கணக்கேடுகளிலிருந்தே அவை தெரியவந்தன. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செப்ரெம்பர் 28ஆம் நாளை ஒட்டி நிகழ்ந்த அறுவடை, 1988க்குப் பின் சராசரியாகப் பதின்மூன்று நாள் முந்திவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிபு. இப்போது ஓகஸ்ற் மாதத்திலேயே கத்தரிக்கோலை எடுக்கும் ஆண்டுகளும் உண்டு.

வெப்பம் மிகுந்தால் பழம் விரைந்து இனிக்கும். வைனின் புளிப்புக் குன்றும். அதனினும் கொடிது வேறொன்று. குளிர்காலம் முன்னதாகவே தணிவதால் கொடிகள் முந்தித் துளிர்க்கின்றன. பின்னர் ஏப்பிரல் இரவொன்றிலே உறைபனி இறங்கினால் துளிர் கருகிவிடும். 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் தொடக்கத்திலே அதுவே நிகழ்ந்தது. தோட்டக்காரர் வரிசைகளுக்கிடையே மெழுகுத் தீபங்களை ஏற்றி வைத்து விடியுமளவும் காத்திருந்தனர். சரிவு முழுவதும் விளக்கீடுபோலத் தோன்றிய படங்களைப் பலர் கண்டிருப்பர். அழகிய காட்சி, ஆனால் அதன் கீழ் ஓர் ஆண்டு வருவாய் எரிந்துகொண்டிருந்தது. முந்தித் துளிர்க்கும் ஷார்டொனேயே மிகுதியும் அழிந்தது. வெள்ளை வைன் அடிக்கடி கைவிடும் என்று 1787இல் மேர்சோவார் சொன்னது, வேறொரு காரணத்தாலே மீண்டும் உண்மையாயிற்று.

மற்றொரு இடர் செல்வத்தாலே வந்தது. அண்மை ஆண்டுகளிலே அச்சரிவின் மிக உயர்ந்த தரத் தோட்டங்களின் சராசரி விலை ஹெக்டயர் ஒன்றுக்கு ஆறு மில்லியன் யூரோவுக்கு மேற்பட்டுவிட்டது. நிலத்தை விற்க எண்ணாதவனுக்கு இவ்விலையால் யாது பயன்? தந்தை இறந்தவுடன், பிள்ளைகள் அந்தச் சந்தை விலைக்கேற்ப அரசுக்கு வரி செலுத்த வேண்டும். பங்கு கேட்கும் உடன்பிறந்தாருக்கும் அந்த விலையே கொடுக்கவேண்டும். வைன் விற்ற வருவாய் அதற்குப் போதாது. ஆகவே பல தலைமுறை உழுத வீட்டார் துண்டு துண்டாக விற்கின்றனர். வாங்குவோர் பெருஞ்செல்வரும் பெருநிறுவனங்களுமாவர். முற்றத்துக் கதவைத் திறந்து, கண்ணாடிக் குழாயோடு நிலவறைக்கு முன்னே இறங்கும் வீட்டுக்காரரின் இடத்தில், சம்பளத்துக்கு வந்த ஒருவர் நிற்பார். அவரும் அன்பாகவே பேசக்கூடும். ஆனால் இன்ன வரிசையைப் பாட்டனார் எந்தக் குளிர்காலத்தில் நட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

இன்று மேர்சோவின் வெள்ளை வைன் பொம்மார், வொல்னே வைன்களுக்கு விலையிலே தாழ்ந்ததன்று. பெரும்பாலும் அவற்றை விஞ்சிவிடுகின்றது. ஊரவர் எவரும் இப்போது வறுமையினால் றைப் பாண் உண்பதில்லை. ஆனால் அறுவடைக்கு வரும் ஆட்களின் நிலை வேறு. முன்னர் அவர்களுக்கு உண்டியும் உறையுளும் கொடுத்த வீடுகள் பல, செலவையும் சட்ட விதிகளையும் காரணங்காட்டி அவ்வழக்கத்தைக் கைவிட்டுவிட்டன. இடைத்தரகர் மூலம் ஆட்களை வருவிப்பதும் பெருகியுள்ளது. 2023 செப்ரெம்பரில், கடும் வெயில் எரித்த நாட்களிலே, வடக்கேயுள்ள ஷாம்பேன் பகுதியில் திராட்சை பறித்தவர் சிலர் உயிரிழந்தனர். ஜெபர்சனைப்போல எவரேனும் இன்று பானைக்குள் எட்டிப் பார்க்க விரும்பினால், பார்ப்பதற்கு இடம் இல்லாமற்போகவில்லை.

இன்னும் சில வீட்டார் பழைய முறையை விடவில்லை. அங்கே அறுவடை நாட்களில் நண்பர் எவரேனும் வந்தால், அவருக்கென்று தனி மேசை போடுவதில்லை. நண்பகலிலே முற்றத்தில் நீண்ட பலகைகளை இணைத்து, முப்பது நாற்பது பேருக்கு ஒருங்கே உணவு வைப்பர். விரல்கள் கறுத்த மாணவர், ஆண்டுதோறும் தொலைவிலிருந்து வரும் குடும்பத்தார், வீட்டுப் பாட்டி ஆகிய எல்லோரும் அடுத்தடுத்து இருப்பர். பெரிய பானையிலே இறைச்சிக் குழம்பு. வெட்டிய பாண் கூடையிலே. பெயரெழுதாத போத்தல்களில் வீட்டு வைன். வந்தவர் இருக்க இடமின்றி நின்றால், எவராவது சற்றே நெருங்கியிருந்து பலகையிலே ஓர் இடம் விடுவர்.